ஒன்றரை ஷிப்ட்: திருப்பூரில் ஒரு காலச்சொல்லின் கணக்கு

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பொழுது சாய்ந்து பனியன் கம்பெனிகளின் வாசல்களில் ஆட்கள் கலையும் வேளையில், டீக்கடை பெஞ்சிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்.

"இந்த வாரம் எத்தனை ஷிப்ட்டுங்கக்கா?"

"ஒம்போதுங்க."

வெளியூரிலிருந்து வந்தவருக்கு இந்தப் பதில் பிடிபடக் கொஞ்சம் நேரமாகும். ஞாயிறு போக வாரத்தில் ஆறு நாள்தான் வேலை. நாளுக்கு ஒரு ஷிப்ட் என்றால் ஆறுதானே வரவேண்டும்? ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த அக்கா சிரித்துக்கொண்டே விளக்குவார்: நாளுக்கு ஒன்றரை. ஆறு ஒன்றரை ஒன்பது.

'ஷிப்ட்' எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல். அதற்குத் தமிழ் விளக்கம் கேட்பவர் எவரும் இல்லை. ஆனால் திருப்பூரில் அது வாக்கியத்துக்குள் நடந்துகொள்ளும் விதம் தனி. அந்த நடத்தையைக் கூர்ந்து பார்த்தால், ஒரு தொழில் நகரம் காலத்தை எப்படி அளக்கிறது, அந்த அளவில் யாருடைய மாலைப்பொழுது காணாமல் போகிறது என்பதும் தெரிந்துவிடும். சட்டம் ஒரு பெயர் வைத்து இரட்டைக் கூலி கொடுக்கச் சொன்ன நேரத்தை, ஊர் வேறொரு பெயரால் அழைத்து ஒற்றைக் கூலிக்கு வாங்கிக்கொள்கிறது என்பதே இந்தக் கட்டுரை முன்வைக்கும் கருத்து. அந்த மாற்றம் நிகழ்ந்த இடம் சம்பள ஏட்டுக்கு முன்பே, பேச்சில் இருக்கிறது.

'எந்த' என்பதிலிருந்து 'எத்தனை' வரை

திருப்பூருக்கு 50 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் கோயம்புத்தூர், நூற்பாலைகளின் ஊர். 1888-இல் அங்கே ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஆலைத் தொழிலாளியின் நாளைச் சங்கு பிரித்தது. காலையில் தொடங்குவது பகல் ஷிப்ட். மாலையில் தொடங்கி நள்ளிரவில் முடிவது அரை நைட். நள்ளிரவில் தொடங்கி விடிந்த பின் முடிவது முழு நைட். மூன்றும் சேர்ந்தால் 24 மணி நேரம். கதிர் நிற்பதில்லை, ஆட்கள்தான் மாறுவார்கள்.

அந்த ஊரில் ஆலைத் தொழிலாளியைப் பார்த்துக் கேட்கும் கேள்வி, "இந்த வாரம் எந்த ஷிப்ட்?" என்பது. 'எந்த' என்று கேட்பது பலவற்றுள் ஒன்றைச் சுட்டச் சொல்கிறது. பகலா, அரை நைட்டா, முழு நைட்டா? அங்கே ஷிப்ட் என்பது நாளின் ஒரு பகுதி. அதற்கு இடம் உண்டு, எல்லை உண்டு, பெயர் உண்டு. "ஷிப்ட்ல இருக்கான்" என்று ஏழாம் வேற்றுமையோடு சொல்லலாம். ஆள் அந்தக் காலத்துக்குள் இருக்கிறான், சங்கு ஊதினால் வெளியே வருவான்.

பனியன் கம்பெனியில் 'எந்த ஷிப்ட்' என்ற கேள்விக்கு வேலை இல்லை. கட்டிங் மாஸ்டர், டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லோரும் காலை எட்டரை மணி வாக்கில் ஒரே வாசலில் நுழைகிறார்கள். அவர்கள் எழுந்து போனதும் அந்த மிஷினில் உட்கார வேறொருவர் வெளியே காத்திருப்பதில்லை. ஆகவே அங்கே பிறக்கும் கேள்வி 'எத்தனை'. ஷிப்ட் ஓர் எண்ணுப்பெயர் ஆகிவிட்டது. கிலோ, மீட்டர், டஜன் போல அதுவும் ஓர் அளவை.

இந்த மாற்றம் சிறிதல்ல. 'எந்த' என்று கேட்கப்படும் காலத்துக்கு முடிவு உண்டு. 'எத்தனை' என்று கேட்கப்படும் காலத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு நாளைக்குள் ஒன்று, ஒன்றரை, அவசர ஆர்டர் என்றால் இரண்டு. நாள் நீளவில்லை, அதற்குள் அடங்கும் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது.

பின்னத்துக்குப் பொருந்திய எட்டு

ஆங்கிலத்திலிருந்து வந்த பல காலச்சொற்களைத் தமிழ் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. ஷிப்ட்டை மட்டும் அது தன் பின்ன வாய்பாட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கால் ஷிப்ட், அரை ஷிப்ட், முக்கால் ஷிப்ட், ஒன்னேகால், ஒன்றரை, ஒன்னே முக்கால். ஷிப்ட் என்றால் 8 மணி நேரம் என்பது அடிப்படை; அதில் அரை 4, கால் 2. பழைய வாய்பாட்டின் அரைக்கால் வரை போனால் சரியாக 1 மணி நேரம். பாதி, பாதியில் பாதி என்று இறங்கும் தமிழ்ப் பின்னங்களுக்கு எட்டைப்போல் இணக்கமான எண் வேறில்லை. ஒன்பது மணி நேர நாளோ பத்து மணி நேர நாளோ வழக்கில் நின்றிருந்தால், இந்தப் பின்னங்கள் இவ்வளவு எளிதாக நாக்கில் ஏறியிருக்காது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 'ஒன்றரை' தமிழில் ஒற்றைச் சொல். ஒன்றும் அரையும் சேர்ந்து ஒட்டிய தடம் காதுக்குத் தெரிந்தாலும் மனம் அதை ஒரே அளவாக வாங்கிக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர், ஒன்றரை முழம் என்பதுபோல. அதற்குள் 'ஒன்று' எங்கே முடிந்தது, 'அரை' எங்கே தொடங்கியது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தியிலும் ஒன்றரைக்கு ஒற்றைச் சொல் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு அந்நியமாகப் படுவதற்கு வழியில்லை.

அடுத்த கட்டத்தில் பெயர்ச்சொல்லே மறைந்துவிடுகிறது. "இன்னிக்கு ஒன்றரையா, ரெண்டா?" என்று கேட்டால் போதும்; எதில் ஒன்றரை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மொழியில் அளவைப்பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால் விளங்குகிறது என்றால், அந்த அளவை பேசுவோரின் வாழ்க்கையில் வேர்விட்டுவிட்டது என்று பொருள்.

வினைச்சொற்களையும் பார்க்கலாம். தொழிலாளி ஷிப்ட் 'பார்க்கிறார்': "நேத்து ஒன்றரை பார்த்தேன்." வேலை பார்ப்பதுபோல ஷிப்ட் பார்ப்பது. நோட்டில் எழுதுகிறவர் ஷிப்ட் 'போடுகிறார்': "எனக்கு ஒண்ணுதான் போட்டிருக்காங்க." தாமதமாக வந்தாலோ இடையில் கிளம்பினாலோ ஷிப்ட் 'கட் ஆகிறது': "கால் ஷிப்ட் கட்." உழைத்தவர் பார்த்ததும் ஏட்டில் போட்டதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் சனிக்கிழமை மாலையின் வழக்கு. இந்த வாக்கியங்கள் எதிலும் மணி என்ற சொல் வருவதில்லை. கடிகாரம் சுவரில் தொங்குகிறது. கணக்கிலிருந்து அது இறங்கிவிட்டது.

முறை என்ற சொல்லில் இருந்த எல்லை

பழைய ஆங்கிலத்தில் 'ஷிப்ட்' என்ற சொல்லின் வேர் பிரித்தல், பங்கிடுதல், ஒழுங்குபடுத்துதல் என்ற பொருளில் வழங்கியது. பிறகு மாறுதல், இடம் பெயர்தல் என்ற பொருள்கள் வந்தன. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் ஒரு கூட்டம் வெளியேறி இன்னொரு கூட்டம் உள்ளே போனபோது, முதலில் அந்த மாற்றத்தையும் பின்னர் அந்தக் கூட்டம் வேலை செய்த காலத்தையும் இச்சொல் குறித்தது. அதன் உள்ளே இருப்பது கைமாற்றம்.

அதற்கு நிகரான சொல் கொங்கு நாட்டில் காலங்காலமாக இருக்கிறது: முறை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது உழவர்களின் வழக்கம். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் இன்றைக்கும் நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்தே தண்ணீர் விடுகிறார்கள். திருப்பூர் மாவட்டத்தின் பல்லடம், உடுமலைப் பகுதிகளில் அதை நம்பிப் பயிர் வைக்கிறார்கள். ஒருவருடைய முறை முடிந்தால் அடுத்தவருடையது தொடங்கும். மடையை அதற்கு மேல் திறந்து வைத்திருந்தால் சண்டை வரும், பஞ்சாயத்து கூடும். முறை என்ற சொல்லுக்குள்ளேயே அதன் முடிவும் இருக்கிறது.

திருப்பூரின் ஷிப்ட் இந்த முடிவை இழந்த முறை. அடுத்து வருகிறவர் இல்லாததால் முன்னவர் எழுந்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நிட்டிங், டையிங் போன்ற மிஷின் ஓட்டும் பிரிவுகளில் இரவும் பகலும் ஆட்கள் மாறுவதுண்டு. அங்கேயும் 12 மணி நேரமாக இருவர் பிரித்துக்கொள்வது பரவலான வழக்கம். மூன்று பேர் எட்டு எட்டாகப் பார்த்திருக்கவேண்டிய நாளை இரண்டு பேர் ஒன்றரை ஒன்றரையாகப் பார்க்கிறார்கள். மூன்று ஷிப்ட் ஓடுகிறது, மூன்றாவது ஆள் இல்லை.

சட்டம் எண்ணும் விதம்

12 மணி நேரம் என்ற எண்ணுக்கு இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்களில் ஒரு வரலாறு உண்டு. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் துணி ஆலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலையை நாளுக்கு 12 மணிக்குள் நிறுத்தியது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உடன்படிக்கை செய்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் 60 மணி என்று விலக்கு வைத்தது. 1922-இல் இந்தியச் சட்டம் அந்த 60-ஐ ஏற்று, நாளுக்கு 11 மணி என்றது. 1934-இல் வாரம் 54, நாளுக்கு 10. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர் கொண்டுவந்த 1946-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் வாரம் 48, நாளுக்கு 9 என்ற வரம்பை எட்டியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதிப்படுத்தியது.

இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒன்றரை ஷிப்ட் என்பது 1911-ஆம் ஆண்டின் வேலை நாள். 37 ஆண்டுகளில் சட்டம் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்ததை, ஒரு பின்னம் திரும்ப எடுத்துக்கொண்டது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு எளிமையாக இருந்தது. ஒரு நாளில் 9 மணிக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணிக்கு மேலோ வேலை வாங்கினால் அந்த மிகைநேரத்துக்கு வழக்கமான கூலியைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கவேண்டும் என்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த இரட்டிப்பைக் கைவிடவில்லை. இந்த இரட்டிப்பு வெறும் கூடுதல் வரும்படிக்காக வைத்ததல்ல. மிகைநேரம் முதலாளிக்குச் செலவு கூடியதாக இருந்தால்தான் அவர் அதைத் தவிர்க்கப் பார்ப்பார், இன்னொருவருக்கு வேலை கொடுப்பார் என்பது அதன் அடிப்படை. இரட்டிப்புக் கூலி ஒரு வேலி.

இப்போது அந்த அக்காவின் ஒன்பதை இந்தச் சட்டத்தின் முன் வைத்துப் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்றும், ஒரு ஷிப்ட் முழுதாக 8 மணி வேலை என்றும் கொள்வோம். ஒன்பது ஷிப்டுக்கு 4,500 ரூபாய். மணியில் சொன்னால் 72. சட்டத்தின் கணக்கில் முதல் 48 மணிக்கு 3,000 ரூபாய். மீதி 24 மணி மிகைநேரம். அதற்கு இரட்டிப்பாக இன்னொரு 3,000. மொத்தம் 6,000. ஷிப்டில் சொன்னால் பன்னிரண்டு. ஒன்பது என்று அவர் சொன்ன எண்ணில் மூன்று ஷிப்ட் குறைகிறது. வாரத்துக்கு மூன்று என்றால், நான்கு வாரத்தில் பன்னிரண்டு. இரண்டு வாரத்தின் அடிப்படைக் கூலி.

கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும் என்பதையும் சொல்லவேண்டும். சில இடங்களில் மாலை ஐந்தரைக்கு மேல் மூன்று அல்லது மூன்றரை மணி நேரம் இருந்தாலே அரை ஷிப்ட் போடுவதுண்டு. அங்கே இழப்பு குறைகிறது, தீர்வதில்லை. மூன்று மணிக்கு இரட்டிப்பு என்றால் ஆறு மணிக் கூலி. அது முக்கால் ஷிப்ட், அரை அல்ல.

கூலி மட்டும்தான் பிரச்சினை என்றும் இல்லை. மிகைநேரம் உட்பட வாரத்துக்கு 60 மணி என்பதும், ஒரு காலாண்டில் மிகைநேரம் மொத்தம் 50 மணி என்பதும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த பொது வரம்புகள். வாரம் 24 மணி மிகைநேரம் பார்ப்பவர், காலாண்டின் மூன்றாவது வாரத் தொடக்கத்திலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார்.

பெயர் இல்லாத ஓவர்டைம்

திருப்பூருக்கு 'ஓவர்டைம்' என்ற சொல் தெரியாது என்று நினைக்கக்கூடாது. ஓ.டி. என்று சுருக்கியும் சொல்வார்கள். ஆனால் ஷிப்ட் கணக்கு வேரோடியிருக்கும் இடத்தில் அந்தச் சொல் தேவைப்படுவதில்லை. எட்டு மணிக்கு மேல் என்று ஒரு கோடு போட்டால்தான் அதற்கு அப்பால் இருப்பதை 'ஓவர்' என்று சொல்ல முடியும். ஒன்றரை என்ற சொல் அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. ஒன்றும் அரையும் ஒரே பண்டத்தின் இரண்டு அளவுகள் ஆகின்றன. ஒரு கிலோ தக்காளி இவ்வளவு என்றால் ஒன்றரைக் கிலோ அதில் ஒன்றரை மடங்கு. இரண்டாவதாகக் கூட்டிய அரைக் கிலோவுக்கு இரட்டை விலை கேட்பார் உண்டா? இந்தச் சந்தைத் தர்க்கம் சொல்லோடு சேர்ந்து உழைப்புக்கும் வந்துவிடுகிறது. அரைக்கு அரைக்கூலி நியாயம்போலத் தோன்றுகிறது.

காலை முதல் மணியும் இரவு பன்னிரண்டாவது மணியும் உடலுக்கு ஒரே அளவு அல்ல. ஓவர்லாக் மிஷின் முன் குனிந்த கழுத்துக்கும் நாள் முழுக்க நின்ற காலுக்கும் அது தெரியும். சட்டம் இரட்டிப்பு என்று சொன்னபோது அந்த வேறுபாட்டைத்தான் எண்ணில் எழுதியது. ஷிப்ட் அந்த வேறுபாட்டைத் துடைத்துவிட்டு எல்லா மணிகளையும் ஒன்றாக்குகிறது.

வெளிநாட்டு வாங்குவோருக்காகத் தணிக்கைக்கு வருபவர், "உங்களுக்கு ஓவர்டைம் உண்டா?" என்று தொழிலாளியைக் கேட்கலாம். இல்லை என்று பதில் வந்தால், அது பொய்யாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் பார்த்தது ஒன்றரை, ஓவர்டைம் அல்ல. கேள்வி ஒரு மொழியிலும் வாழ்க்கை இன்னொரு மொழியிலும் இருக்கும்போது உண்மையான பதிலும் தவறான தகவலாகிவிடும். "காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள், நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?" என்று கேட்டால் மட்டுமே விடை கிடைக்கும்.

இது திருப்பூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1833-இல் இங்கிலாந்து தன் ஆலைகளில் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் வேலை நேரத்தை வரையறுத்தபோது, ஆலை முதலாளிகள் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று ஆய்வாளர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் காலை 6 முதல் மாலை 6 வரை என்பதுபோல் நாளின் தொடக்கத்தையும் முடிவையும் கடிகாரத்தில் குறித்த பிறகே அந்தக் குழப்பம் அடங்கியது. வேலை நேரத்தை எண்ணிக்கையாக விட்டால் நழுவும், மணியாகக் கட்டினால் நிற்கும் என்பது அன்றைக்கே கற்ற பாடம்.

டைமுக்கு, டைமுக்குள்

ஷிப்ட் ஏன் நீள்கிறது என்பதற்கான விடையில் பாதி இன்னொரு ஆங்கிலக் காலச்சொல்லில் இருக்கிறது. 'டைம்' தமிழில் நேரம், பொழுது, தடவை, யோகம் என்று பல பொருளில் புழங்குகிறது. "ரெண்டு டைம் கூப்பிட்டேன்" என்றால் இருமுறை. "அவனுக்கு நல்ல டைம்" என்றால் அதிர்ஷ்டம். "நான் வந்த டைம்ல" என்றால் வந்தபோது. குறித்த நேரத்துக்குத் தப்பாமல் வருவதையும், குறித்த நேரம் கடப்பதற்குள் முடிப்பதையும் ஆங்கிலம் 'ஆன்', 'இன்' என்ற இரண்டு சின்னஞ்சிறு முன்னிடைச்சொற்களால் பிரிக்கிறது. அவற்றைக் குழப்பிக்கொள்ளாத மாணவர் குறைவு. தமிழ் அதே வேலையை உருபுகளால் தெளிவாகச் செய்கிறது: டைமுக்கு, டைமுக்குள்.

திருப்பூரில் இந்த இரண்டு உருபுகளும் இரண்டு பேருக்கு உரியவை. தொழிலாளிக்குச் சொல்வது 'டைமுக்கு': "டைமுக்கு வந்துருங்க, லேட்டானா கால் ஷிப்ட் கட்." அது ஒரு புள்ளி. சரக்குக்குச் சொல்வது 'டைமுக்குள்': "டைமுக்குள்ள ஷிப்மெண்ட் போயாகணும்." அது ஓர் எல்லை. ஆர்டர் கையெழுத்தான நாளிலிருந்து கப்பலேறும் நாள் வரை உள்ள காலத்தை லீட் டைம் என்கிறார்கள். நூல் வாங்குவது, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். இவற்றில் பல வேலைகள் வேறு வேறு கம்பெனிகளில் ஜாப் ஒர்க்காக நடக்கின்றன. சாயம் தவறினாலும், சாம்பிளுக்கு ஒப்புதல் தாமதமானாலும், நாள் கழிந்துகொண்டே இருக்கும். கடைசித் தேதி நகராது. தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பவேண்டிவரும். அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில் விழுந்து, அந்த ஆர்டரின் லாபத்தையே விழுங்கிவிடக்கூடும். 2023-இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக நேர்ந்து பயணம் பத்து நாளுக்கு மேல் கூடியது.

முந்தைய கட்டங்களில் இழந்த நாட்களெல்லாம் கடைசியில் ஈடு கட்டப்படுவது தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் செய்யும் கைகளில். நூலையும் சாயத்தையும் விரைவுபடுத்த முடியாது. ஆட்களை இருக்கச் சொல்லலாம். "இன்னிக்கு நைட்டு இருக்கு" என்ற வாக்கியம் அப்படித்தான் வருகிறது. நைட் இங்கே இரவைக் குறிப்பதில்லை, விடிய விடிய வேலையைக் குறிக்கிறது. இரவு எல்லா நாளும் இருக்கிறது. 'நைட்டு இருக்கு' என்று தனியாகச் சொன்னால் அன்றைக்கு உறக்கம் இல்லை என்று அர்த்தம்.

காலையில் வருவதற்கு ஓர் உருபு, சரக்கு கிளம்புவதற்கு ஓர் உருபு. ஆள் வீடு திரும்புவதற்கு மட்டும் நேரம் சொல்லும் உருபு கிடையாது. "எப்ப வீட்டுக்கு?" என்று கேட்டால், "முடிஞ்சா" என்பதே பதில். கொங்குப் பேச்சில் மாலைக்குப் 'பொழுதோட' என்று ஓர் அழகான சொல் உண்டு. "பொழுதோட வர்றேன்" என்றால் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று பொருள். ஒன்றரை பார்க்கிற வீடுகளில் அந்த வாக்குறுதியைச் சொல்ல ஆளில்லை.

தொழிலாளியே கேட்கும் ஒன்றரை

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒன்றரை கிடைக்கும் கம்பெனியைத் தேடிப் போகிறவர்கள் தொழிலாளர்களே. 'ஒண்ணுதான்' என்று சொல்லும் கம்பெனியில் ஆள் நிற்பதில்லை. ஆர்டர் குறையும் காலத்தில் முதலில் போவது அந்த அரைதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூரைப் பிடித்த அச்சத்தில் இதுவும் சேர்ந்திருந்தது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் ஒன்றரையை வைத்துக் கணக்கிடப்பட்டவை. ஒன்று என்பது பட்டினிக் கணக்கு.

ஊரின் பெருமிதமும் இதோடு கலந்திருக்கிறது. திருப்பூர் முதலாளிகளில் பலர் காடு கழனியிலிருந்து வந்து, மிஷினில் உட்கார்ந்து, படிப்படியாக மேலே ஏறியவர்கள். அவர்கள் தங்கள் வாழ்க்கையை உழைப்பு என்ற ஒற்றைச் சொல்லால் விளக்குவதை ஆய்வாளர் ஷரத் சாரி தமது 2004-ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டு ஷிப்ட் பார்த்து முன்னுக்கு வந்தவர் என்பது இந்த ஊரில் பாராட்டு. தன் கனவுக்காகத் தானே விழித்திருந்தவரின் உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாராட்டு, அடுத்தவரை விழித்திருக்கச் சொல்வதற்கு அளவுகோலாகும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது.

தொழிலாளி ஒன்றரையை விரும்புகிறார் என்பது உண்மை. ஒன்றின் கூலி போதவில்லை என்பது அதைவிட ஆழமான உண்மை. 1984-இல் பஞ்சப்படி கேட்டு இங்கே தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறும்போது ஒரு ஷிப்டின் மதிப்பு தேயக்கூடாது என்பது அவர்கள் கேட்டதன் சாரம். ஒன்று தேய்ந்தால் அதை அரையைக் கொண்டு ஒட்டவேண்டிவரும் என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

எண்ணைத் திரும்ப மணியாக்குவது

2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரம் பற்றிய விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்க வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது என்று அரசு விளக்கியது. ஆனாலும் '12 மணி நேர வேலை' என்ற சொற்றொடர் மாநிலத்தை உலுக்கியது. கூட்டணிக் கட்சிகள் எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் திரண்டன, சில நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-இல். சரியாக நூறு ஆண்டு.

அந்தப் பத்து நாளும் திருப்பூரில் மிஷின்கள் வழக்கம்போல் ஓடின. 12 மணி நேரம் என்று சொன்னபோது அதிர்ந்த அதே தமிழ்நாடு, ஒன்றரை ஷிப்ட் என்று அதையே பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது, அதிரவில்லை. மணியாகச் சொன்னால் வெளிப்படும் அளவு, ஷிப்ட்டாகச் சொன்னால் ஒளிந்துகொள்கிறது.

மக்கள் நாவில் ஊறிய சொல்லை மாற்றுவது கட்டுரைக்காரர் வேலை அல்ல. ஒன்றரை என்ற சொல் இருக்கட்டும். அதன் பக்கத்தில் மணியை எழுதவேண்டும் என்று கேட்கலாம். தொழில் அமைப்புகளும் சங்கங்களும் பேசும் கூலி ஒப்பந்தங்களில் 8 மணி ஷிப்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி குறிக்கப்படுகிறது. எட்டு என்ற எண் இன்னும் உயிரோடு இருக்கிறது. சனிக்கிழமை கைக்கு வரும் சம்பளச் சீட்டில் ஷிப்ட் என்ற ஒரே கட்டத்துக்குப் பதிலாக வழக்கமான மணி, மிகைநேர மணி என்று இரண்டு கட்டங்கள் இருந்தால், அழிந்த கோடு திரும்ப வரும். சங்கங்கள் வாசல் கூட்டங்களில் இந்தக் கூட்டல் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். தணிக்கைக்கு வருபவர் ஓவர்டைமைத் தேடாமல் வீடு திரும்பிய நேரத்தைக் கேட்கலாம்.

"இந்த வாரம் எத்தனை ஷிப்ட்டுங்கக்கா?" என்ற கேள்வி அப்போதும் டீக்கடை பெஞ்சில் இருக்கும். ஆனால் பதில் இப்படி வரவேண்டும்: "ஆறு ஷிப்ட்டுங்க, அதுக்கு மேல இருபத்து நாலு மணி."